வெள்ளிக்கிழமை வாய்தா

காரைக்குடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த சேக் தாவூதுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் இருந்தது. பீடி கிடையாது, பொடி கிடையாது, சினிமாவுக்குக்கூடப் பெருநாளுக்குப் பெருநாள்தான் போவார். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் "இதுக்கு யாரு பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து நின்றுவிடுவார். கந்தூரிச் சோற்றுக்கு விறகு போதவில்லை என்றாலும் சரி, பள்ளிவாசல் கிணற்றில் வாளி விழுந்துவிட்டாலும் சரி, அவர்தான் நிற்பார். ஊரும் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, கேள்வியை அவர் முகத்தைப் பார்த்தே கேட்கும். நல்ல மனுஷன் என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயருக்கு அவர் கொடுத்த விலை ஒரு வீடு.

பெரிய வீடு ஒன்றும் இல்லை. இரண்டு அறை, ஒரு ஓட்டுத் தாழ்வாரம், பின்னால் ஒரு முருங்கை மரம். பன்னிரண்டு சைக்கிளை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டு, பஞ்சர் ஒட்டி, அந்தக் காசில் அவர் கட்டியது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் சுலைகா. அவள் புருஷன் கொழும்புக்குப் பிழைக்கப் போனவன். முதலில் பணம் நின்றது, பிறகு கடிதமும் நின்றது. அவள் ஒரு தகரப் பெட்டியோடு அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். "நான் போனாலும் ஒனக்கு இந்த நெழலு இருக்கும் தாயி" என்று சேக் தாவூது அவளிடம் சொல்லியிருந்தார். அது ஒன்றுதான் அவரால் மகளுக்குக் கொடுக்க முடிந்தது.

1966 ஐப்பசியில் அவருடைய அண்ணன் சாதிக் அலி இறந்தார். அலுமினியப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். காலையில் கடை திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய ஒரே மகன் சுல்தான் பினாங்கில் இருந்தான். தந்தி போனது, ஆனால் தந்திக்கு இருக்கிற வேகம் கப்பலுக்கு இல்லை.

அந்த ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தொழ வைப்பதற்கு முன், குளிப்பாட்டிக் கிடத்திய ஜனாஸாவைச் சுற்றி எல்லோரும் நிற்கும்போது, இறந்தவருக்காக ஒருவர் முன்னால் வந்து, "இவர் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். கடனோடு போனவரின் ரூஹு என்கிற ஆன்மா, அந்தக் கடன் தீரும்வரை கரை சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும் என்பது நம்பிக்கை. மகன் இருந்தால் மகன் சொல்வான். மகன் பினாங்கில். சாதிக் அலியின் மச்சினன்மார் இரண்டு பேர் நின்றார்கள். இருவருக்கும் அந்த நேரத்தில் தரையில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. தொழ வைக்கிற அஜரத்து, சேக் தாவூதின் முகத்தைப் பார்த்தார்.

"எங்க அண்ணன் யாருக்கு என்ன குடுக்க வேண்டியிருந்தாலும் எங்கிட்ட வாங்க. நான் குடுக்கேன்" என்றார் சேக் தாவூது. பலபேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கண்ணைத் துடைத்த கையோடு வரவும் செய்தார்கள். பால்காரர் வந்தார், டீக்கடைக்காரர் வந்தார், மூன்று வருஷத்துக்கு முந்திய முடிவெட்டுக் கூலியைக் கேட்டு ஒருவர் வந்தார். உயிரோடு இருந்த சாதிக் அலிக்கே தெரியாத கடன்கள் சில அந்த வாரத்தில் பிறந்தன. சேக் தாவூது இரண்டு சைக்கிளை விற்று எல்லோருக்கும் கொடுத்தார். மதினி ஹாஜிராவிடம் ஒரு தடவை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். கடைச்சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

"ஏத்துக்கிட்டது நீங்கதானே" என்றாள் ஹாஜிரா.

நாற்பதாம் நாள் கழிந்தபின் சிங்கம்புணரியிலிருந்து பெரியகருப்பன் வந்தார். புளி மண்டி வைத்திருந்தவர். கொஞ்சம் வட்டிக்கும் விடுவார். ஒரு சீப்பு வாழைப்பழமும், முகத்தில் ஒரு துக்கமும், மடியில் ஒரு புரோநோட்டும் கொண்டுவந்திருந்தார். 1959இல் சாதிக் அலி ஆயிரத்தைந்நூறு வாங்கி எழுதிக் கொடுத்தது. கையெழுத்து அண்ணனுடையதுதான். சேக் தாவூது அதைத் தடவிப் பார்த்தார்.

"வட்டியோட மூவாயிரத்துச் சொச்சம் ஆகுது. சொச்சத்தை விட்டுத்தள்ளுங்க பாய். நீங்க பெரிய மனசு பண்ணி ஏத்துக்கிட்டீகன்னு கேள்விப்பட்டேன். இன்னைக்கே குடுங்கன்னு நான் கேக்கல. ஒங்க பேருல ஒரு சீட்டு மாத்தி எழுதிக் குடுத்துருங்க, மெதுவாக் குடுங்க."

கூடவே ஒரு கணக்கப்பிள்ளை வந்திருந்தார். எழுதிய சீட்டும் வந்திருந்தது, ஒட்டிய ஸ்டாம்பும் வந்திருந்தது. 'மூவாயிரம் ரூபாய் இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் இருந்தது. சேக் தாவூது படித்தார். "ரொக்கமா நான் வாங்கலையே" என்றார். "எல்லாச் சீட்டுலயும் அப்புடித்தான் பாய் எழுதுறது" என்றார் பெரியகருப்பன். அது உண்மைதான், எல்லாச் சீட்டிலும் அப்படித்தான் எழுதுவார்கள். சேக் தாவூது கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டு அவராகவே ஒன்று கேட்டார். "அண்ணன் பேரு இருக்கிற சீட்டை எங்கிட்டக் குடுத்துருங்க." பெரியகருப்பன் தாராளமாகக் கொடுத்தார். சேக் தாவூது அதை உள்ளே கொண்டுபோய், சுலைகா சோறு வடித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டார். அது எரிந்து முடியும்வரை குந்தி உட்கார்ந்து பார்த்தார். அண்ணன் கரை ஏறிவிட்டார் என்று அவருக்கு மனசு லேசாகிப்போனது. அன்று அவர் அடுப்பில் போட்டது என்ன என்பதை மூன்று வருஷம் கழித்து ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

மாசம் இருபதும் முப்பதுமாக ஒன்றரை வருஷம் கொடுத்தார். அது வட்டிக்கே சரி என்றார்கள். பிறகு சுலைகாவுக்கு டைபாய்டு வந்தது, மருந்துக்கு இரண்டு சைக்கிள் போனது, தவணை நின்றது. 1969 புரட்டாசியில் சம்மன் வந்தது.

சம்மன் கொண்டுவந்தவர் மாயக்கண்ணன், கோர்ட்டுச் சேவகர். ஊருக்குள் சம்மன் கொடுக்க அவர் சைக்கிள் எடுப்பதே சேக் தாவூது கடையில்தான். அன்றைக்கும் காலையில் ஏழாம் நம்பர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்து, சைக்கிளை நிறுத்தி, மூன்று மணி நேரத்துக்கான வாடகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, தோல்பையிலிருந்து கடைசிக் காகிதத்தை எடுத்தார்.

"காலையிலயே குடுத்திருப்பேன் பாய். மனசு வரல. இந்த எடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

வக்கீல் இளம் வயதுக்காரர், புத்திசாலி. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க அண்ணன் சீட்டு எழுதி ஏழு வருசம் ஆச்சு. மூணு வருசம் தாண்டுன புரோநோட்டு பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். யாருமே அதுக்குப் பத்துக் காசு குடுக்க வேண்டியதில்லை. செத்த கடனைத் தோண்டி எடுத்து, ஒங்க பேரை வச்சு உசுரு குடுத்திருக்கீக. சாட்சியா இருந்த ஒரே காகிதத்தையும் எரிச்சிருக்கீக."

"இப்ப என்னய்யா செய்றது?"

"ஒரு வழி இருக்கு. ஒங்க கையில ரொக்கம் வரல. அது அண்ணனோட காலாவதியான கடன். இதை நிரூபிச்சா இந்தச் சீட்டு நிக்காது. பதில் மனு நான் போடுறேன். ஆனா நீங்க மட்டும் சொன்னாப் பத்தாது. ஒங்க மதினியோ அவுக மகனோ வந்து, 'ஆமா, அது அவர் வாங்கின கடன்'னு ஒரு வார்த்தை சொல்லணும். கடன் அவுக தலையில ஏறாது, அதுக்கு நான் பொறுப்பு."

ஒரு வார்த்தைதான். சேக் தாவூது வக்கீல் வீட்டிலிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனார். சுல்தான் அப்போது பினாங்கிலிருந்து திரும்பி வந்திருந்தான். பாத்திரக் கடை ஃபேன்சி ஸ்டோர் ஆகியிருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் பவுடர் டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஹாஜிரா கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டாள்.

"போன மனுசரு கடங்காரருன்னு நான் கோர்ட்டுல ஏறிச் சொல்லணுமா? நல்லாருக்கு."

"மதினி, சொன்னா ஒங்களுக்கு ஒண்ணும் வராதாம். வக்கீலு சொல்றாரு."

"வக்கீலு காசு வாங்கிட்டுச் சொல்றாரு. நாளைக்கு அந்தச் சிங்கம்புணரிக்காரன் எங்க கடையில வந்து நின்னா அவரா வருவாரு?"

சுல்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சின்னத்தா, ஒங்களை யாரு எந்திரிச்சு நிக்கச் சொன்னது?"

சேக் தாவூது செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். 'நீ நிற்க வேண்டிய இடத்தில்தானே நின்றேன்' என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து அரை மணி கழித்துத்தான் அது அவருக்குத் தோன்றியது. ஜனாஸாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களையும் போய்ப் பார்த்தார். எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஒருவருக்கும் கோர்ட்டுக்கு வர நேரம் இல்லை. ஒருவர் மட்டும் வருவதாகச் சொன்னார். வாய்தா அன்று காலையில் அவருக்கு வயிற்றுப்போக்கு.

கூண்டில் ஏறுவதற்கு முன் வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார்: "பணம் வாங்கலைன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதைக் கேட்டாலும் தெரியாது. அண்ணன், ஆண்டவன், ஜனாஸா எதுவும் வேண்டாம்."

எதிர்வக்கீல் சீட்டைக் காட்டினார். கையெழுத்து உங்களுடையதா? ஆமா. படித்துப் பார்த்தா போட்டீர்கள்? ஆமா. ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று இருக்கிறதே? ஆமா. அப்படியென்றால் அன்றைக்குப் பொய்யில் கையெழுத்துப் போட்டீர்களா? சேக் தாவூது தன் வக்கீலைப் பார்த்தார். வழக்கு அதோடு முடிந்திருக்காது. பெரியகருப்பனின் கணக்கப்பிள்ளை அதற்கு முன்பே கொஞ்சம் உளறி வைத்திருந்தார். முன்சீப்புக்கும் எதிலோ சந்தேகம் தட்டியிருந்தது போலிருக்கிறது. அவரே குனிந்து கேட்டார்.

"பாய், சுருக்கமாச் சொல்லுங்க. இவருக்கு நீங்க கொடுக்க வேண்டிய பணம் இருக்கா, இல்லையா?"

'இல்லை' என்ற மூன்று எழுத்துச் சொல்லுக்காக வக்கீல் எழுந்து நின்றேவிட்டார். சேக் தாவூதுக்கு அண்ணன் முகம் வந்தது. இல்லை என்று சொன்னால் அண்ணன் மறுபடியும் தொங்குவார். ஏத்துக்கிட்டதை ஏத்துக்கிடவில்லை என்று, அதுவும் சத்தியம் செய்துவிட்டு, எப்படிச் சொல்வது?

"குடுக்க வேண்டியதுதான் அய்யா. ஆனா நான் வாங்கல" என்றார்.

கோர்ட்டில் சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை; எழுதிக்கொண்டார். வக்கீல் காகிதக் கட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

வட்டியும் செலவும் சேர்த்து நாலாயிரத்து முந்நூறு கட்டச் சொல்லி டிக்கிரி ஆனது. 1971 சித்திரையில் வீடு ஏலத்துக்கு வந்தது. வாசலில் தமுக்கு அடித்தார்கள். தெரு முழுக்க நின்று பார்த்தது. சுலைகா உள்ளே தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஏலம் கேட்க வந்தவர்களில் சுல்தானும் நின்றான். சேக் தாவூது அவனைப் பார்த்தார். அண்ணன் மகன், கைவிடவில்லை. உள்ளே ஓடி, "சுலைகா, சுல்தான் வந்திருக்கான். வீடு வெளிய போகாது" என்றார்.

வீடு வெளியே போகவில்லை. ஒன்பதாயிரம் பெறும் வீட்டை நாலாயிரத்து எண்ணூறுக்கு சுல்தான் எடுத்தான். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஹாஜிரா, "அடுத்தவன் கைக்குப் போகாம நாமளே வச்சுக்கிட்டோம்" என்று சொன்னாள். சாயங்காலம் சுல்தான் வந்தான். சேக் தாவூது அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவன் ஒரு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "சின்னத்தா, மாசம் இருபத்தஞ்சு குடுத்துருங்க. வெளி ஆளா இருந்தா முப்பத்தஞ்சு கேட்டிருப்பேன்" என்றான்.

தான் கட்டிய வீட்டுக்கு நாலு வருஷம் வாடகை கொடுத்தார். ஒன்றாம் தேதி காலையில் போய்க் கையில் கொடுப்பார். ரசீது கேட்கத் தோன்றவில்லை. அண்ணன் மகனிடம் ரசீதா? பட்டும் புத்தி வராத ஜன்மம் என்று சொல்லலாம். சொன்னால் தப்பில்லை. ஆனால் உள்ளே வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே தெரிந்ததோ என்னவோ.

1975 மார்கழியில் ஹாஜிரா இறந்தாள். ஜனாஸாவைச் சுற்றி ஊர் நின்றது. இந்தத் தடவை மகன் ஊரில் இருந்தான். சுல்தான் முன்னால் வந்து சொல்ல வேண்டியதைச் சொன்னான். கூடவே, "எங்கம்மா யாரு மனசாச்சும் நோக நடந்திருந்தா மாப்புக் குடுத்துருங்க" என்றான். பொறுத்துக்கிட்டோம், பொறுத்துக்கிட்டோம் என்று நாலாபக்கமும் குரல் வந்தது. சேக் தாவூதின் வாய் மட்டும் அசையவில்லை. அஜரத்து கவனித்துவிட்டார்.

"தாவூது பாய், நீங்க?"

"நான் பொறுக்கல" என்றார் சேக் தாவூது.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"மையித்தை வச்சுக்கிட்டு அப்புடிச் சொல்லக் கூடாது பாய்" என்றார் அஜரத்து.

"பொய் சொல்லச் சொல்றீகளா? கோர்ட்டுல நெசத்தைச் சொல்லி வீட்டைக் குடுத்தேன். இங்க பொய்யச் சொல்லி எதைக் குடுக்க?"

சுல்தான் வந்து அவர் கையைப் பிடித்தான். அவர் ஒரு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். தொழுகை நடந்தது, அவரும் வரிசையில் நின்று தொழுதார். மண்ணும் மூன்று பிடி போட்டார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் போடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சுல்தான் அவர் வீட்டு வாசலுக்கு வந்தான். கண் குழி விழுந்திருந்தது. அம்மா கனவில் வந்தாளாம். ஒரு வாசலில் நிற்கிறாளாம். உள்ளே விடமாட்டேன் என்கிறார்களாம். "சின்னத்தா, ஒரு வார்த்தைதானே" என்றான்.

ஒரு வார்த்தை. சேக் தாவூது அதை நன்றாக வாயில் வைத்து ருசித்தார்.

"அடுத்த வெள்ளிக்கெழமை வா" என்றார்.

அடுத்த வெள்ளியும் வந்தான். அதற்கு அடுத்ததும் வந்தான். கோர்ட்டில் வாய்தா போடுவது போல இவரும் போட்டார். சில வாரம் உடம்புக்கு முடியவில்லை என்பார். சில வாரம் யோசிக்கணும் என்பார். ஒரு தடவை அரை மணி நேரம் அவனை வெயிலில் நிறுத்திவிட்டு ஏழாம் நம்பர் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். வாடகை கொண்டுபோய்க் கொடுத்தால் சுல்தான் வாங்கவில்லை. "வேணாம் சின்னத்தா, நீங்க அந்த வார்த்தையைச் சொல்லுங்க, போதும்" என்று பணத்தைத் திருப்பி அவர் சட்டைப்பையிலேயே வைத்தான். எந்த நம்பிக்கை அவர் வீட்டைப் பிடுங்கியதோ, அதுவே அவரை அந்த வீட்டில் சும்மா குடிவைத்தது. அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்து சந்தோஷப்பட்டார். வெள்ளிக்கிழமை வந்தால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

சுலைகாவுக்குத்தான் தாங்கவில்லை. "அத்தா, செத்துப்போன பொம்பளைய இப்புடி நிக்க வைக்கலாமா? நீங்க இப்புடி இல்லையே" என்று அழுதாள்.

"இப்புடி இருந்திருந்தா வீடு இருந்திருக்கும்" என்றார்.

ஊர் அவரைக் கல்மனசுக்காரர் என்றது. நல்ல மனுஷன் என்று சொன்ன அதே ஊர்தான். கோர்ட்டுக்கு வர நேரமில்லாதவர்களுக்கு இப்போது அவருக்குப் புத்தி சொல்ல வேண்டிய நேரம் இருந்தது.

ஒன்றரை வருஷத்துக்கு மேல் இது நடந்தது. 1977 ஆவணியில் சுல்தானின் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு இறங்கவே இல்லை. அவன் பெண்டாட்டி, இது அந்தக் கிழவனின் வயிற்றெரிச்சல்தான் என்று அடித்துச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை சுல்தான் முத்திரைத்தாளோடு வந்தான். வீட்டைச் சுலைகா பெயருக்கு எழுதிக் கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி.

சேக் தாவூது அதை மூன்று தடவை படித்தார். ஆறு வருஷமாகத் தூக்கத்தில்கூட அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் காகிதத்தில் இருந்தது. சுலைகா கதவுக்குப் பின்னால் நின்று, "வாங்கிக்கிடுங்க அத்தா, இப்பவே போடச் சொல்லி வாங்கிக்கிடுங்க" என்றாள்.

ஆனால் ருசி கண்ட நாக்கு விடவில்லை.

"இங்க வேணாம். அன்னைக்கு எல்லாரும் பாக்க ஏலம் எடுத்தேயில்ல? அடுத்த வெள்ளிக்கெழமை ஜும்ஆ முடிஞ்சதும் பள்ளிவாசல்ல வச்சு, எல்லாரும் பாக்க, 'அது எங்க அத்தா கடன்'னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போடு. அந்த நிமிசமே மாப்பு" என்றார்.

"சரி சின்னத்தா" என்றான் சுல்தான். வேறு வழி அவனுக்கு இல்லை.

"ஒரு வாரந்தானே" என்றார் அவர் சுலைகாவிடம். புதன்கிழமை பத்து மணிக்கு, யாருடைய சைக்கிளுக்கோ காற்றடித்துக்கொண்டிருந்தவர் பம்பின் மேலேயே சாய்ந்தார். அண்ணனுக்கு வந்த அதே நெஞ்சு வலி. தண்ணீர் கேட்கக்கூட நேரம் இருக்கவில்லை.

ஜனாஸாவைச் சுற்றி ஊர் நின்றது. அவருக்கு மகன் இல்லை. அஜரத்து சுற்றிலும் பார்த்தார். எந்தக் கேள்விக்கும் எழுந்து நிற்கிறவர் சந்தூக்குப் பெட்டியில் கிடந்தார். சுல்தான்தான் முன்னால் வந்தான்.

"எங்க சின்னத்தா யாருக்கு என்ன குடுக்க வேண்டியிருந்தாலும் எங்கிட்ட வாங்க. நான் குடுக்கேன்" என்றான். பலபேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு அவன் சேக் தாவூதின் வீட்டு வாசலுக்குப் போய், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றான். "தங்கச்சி, இனி ஒன் வாயிலதான் இருக்கு. அத்தாவுக்குப் பதிலா நீ சொல்லு. எங்கம்மாவைக் கரையேத்து" என்றான். அழுதுகொண்டேதான் கேட்டான், அந்த அழுகை பொய்யில்லை.

சுலைகாவுக்கு முத்திரைத்தாள் ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அத்தாவை வெளியே கிடத்தியிருக்கிறார்கள். அவர் மனசில் அந்தக் கல்லோடு போகிறாரே என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதைத் தான் இறக்கி வைத்தால் அவரும் லேசாகப் போவார் என்று நினைத்தாள். இந்த நேரத்தில் போய்க் கையெழுத்துப் போடு என்று எந்த வாயால் கேட்பது? அவள் சேக் தாவூதின் மகள்.

"பொறுத்துக்கிட்டோம் அண்ணே. அத்தா சார்புலயும் பொறுத்துக்கிட்டோம்" என்றாள்.

வெளியே நின்றவர்களுக்கும் அது கேட்டது. மாஷா அல்லாஹ் என்றார் ஒருவர். அந்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. முத்திரைத்தாளைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. சைக்கிள்களை விற்று நாற்பதுக்குச் சோறு போட்டாள் சுலைகா.

நாற்பது கழிந்து ஐந்தாம் நாள் மாயக்கண்ணன் வந்தார். நடந்து வந்தார்; வாடகை சைக்கிள் கடைதான் இல்லையே. ரிட்டையர் ஆக அவருக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. காகிதத்தை நீட்டும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த எடத்துல ஒரு கையெழுத்துப் போடும்மா."

வக்கீலுக்கு இப்போது காதோரம் நரைத்திருந்தது. சம்மனையும் சுல்தான் கொடுத்திருந்த பிராதையும் படித்தார். வீட்டைக் காலி செய்ய வேண்டும். இறந்துபோன சேக் தாவூது ஒன்றே முக்கால் வருஷம் வாடகை கொடுக்கவில்லை. பாக்கி ஐந்நூற்று இருபத்தைந்து ரூபாயை அவருடைய வாரிசு கொடுக்க வேண்டும்.

"குடுக்கப் போனாரு அய்யா. அண்ணன்தான் வாங்கல" என்றாள் சுலைகா.

"வாங்கலைன்னு ஏதாச்சும் எழுத்து?"

"இல்ல."

"முன்னால நாலு வருசம் குடுத்ததுக்கு ரசீது?"

"இல்ல." அவள் நிமிர்ந்தாள். "அய்யா, அத்தா ஜனாஸாவுல அண்ணனேதான் சொன்னாரு. சின்னத்தா கடனெல்லாம் நான் ஏத்துக்கிட்டேன், எங்கிட்ட வாங்கன்னு. அப்ப இந்தக் கடனும் அவருதுதானே?"

வக்கீல் பேனாவை எடுத்தார். முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம்கூட வந்தது.

"சொன்னது யாரு காதுல விழுந்துச்சு?"

"ஊரே கேட்டுச்சு."

"சரி, பேரு சொல்லு. யாரு கோர்ட்டுக்கு வந்து சொல்லுவாக?"

சுலைகா ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள், மாஷா அல்லாஹ் என்றவர், அஜரத்து, தெருக்காரர்கள். வக்கீல் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு பேனாவை மூடி, காகிதத்தை மடித்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, வீட்டில் எத்தனை பெட்டி கட்ட வேண்டியிருக்கும் என்று யோசித்தபடி பஸ்ஸுக்குப் போனாள். ஒரு தகரப் பெட்டிதான் இருந்தது.